கொத்து வேலையில் குறை கண்டால்...

 

குடியிருக்கும் வீடு அல்லாஹ் தந்த நிஃமத். அதைப் பழுது பார்ப்பதும் நற்காரியமே. ஆனால், அந்த வேலையிலிருந்துதான் எத்தனை சண்டைகள் கிளம்புகின்றன!

வ. புதுப்பட்டியில் ஒருவர், மகளின் நிகாஹுக்கு முன்பாக, மேல்தளத்தில் தட்டோடு பதிக்கும் வேலையை ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் விடுகிறார் என்று வைத்துக் கொள்வோம். மலையடிவார ஊர், ஐப்பசி மழை கொட்டுகிறது. தளத்தின் வாட்டம் தவறிப்போனதால் தண்ணீர் தேங்கிச் சுவர் ஊறுகிறது. கோபத்தில் வீட்டுக்காரர் சனிக்கிழமைச் சம்பளத்தை நிறுத்தி விடுகிறார். அன்று வெறுங்கையோடு வீடு திரும்புவது யார்? கலவை சுமந்த சித்தாள்! வாட்டம் பார்த்தது அவளா?

வேலையை முழுமையாக வாங்கிக் கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவித்திருப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ள ஹதீஸ். ஆகவே ஆட்களின் கூலியை அவர்கள் கையிலேயே கொடுத்து, ஒப்பந்தக்காரருக்குத் தெரிவித்து, அவர் கணக்கில் எழுதிக் கொள்ளுங்கள்.

அப்படியானால் ஒப்பந்தக்காரரின் தவறைச் சகித்துக் கொள்வதா? இல்லை. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்ட அண்ணலார் (ஸல்), அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்தார்கள். குறையை மறைத்துப் பூசுவதும் மோசடியே. நாட்கூலியாள் அமானிதக்காரர், அவர் வரம்பு மீறினாலோ அசட்டையாக இருந்தாலோ அன்றி நஷ்டம் கேட்கக் கூடாது. பலருக்கும் வேலை எடுத்துச் செய்பவரோ தம் கைவேலையால் விளைந்த சேதத்துக்குப் பொறுப்பாளி. இது ஹனபி சட்டநூல்கள் கூறும் வேறுபாடு. 1869 முதல் 1876 வரை உதுமானிய அரசு தொகுத்த 'மஜல்லா' சட்டத்திலும் இது இடம்பெற்றது.

நம் பங்கையும் பார்ப்போம். சிமெண்டுப் பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் விட்டு ஈரம் காக்க வேண்டும். நிகாஹ் நாளைச் சொல்லி நாமே அவசரப்படுத்தியிருந்தால், அதனால் வந்த வெடிப்பை அவர் தலையில் கட்டுவது நியாயமா?

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடுகிறது. வேலை, அளவு, கலவை, தவணை அனைத்தையும் தொடக்கத்திலேயே எழுதுங்கள். குறை தெரிந்தால் நாலுபேர் முன் ஏசாமல், அவரை அழைத்து, ரசமட்டம் வைத்துக் காட்டுங்கள். திருத்தித் தர அவகாசம் கொடுங்கள். திருத்தும்வரை, அந்தக் குறைக்குரிய தொகையை மட்டும் அவர் பாக்கியில் நிறுத்தி வையுங்கள். அவர் மறுத்தால் ஜமாஅத் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் சட்டம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டும் பணியும் ஒரு சேவையே. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.

நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர் நொடித்துப் போயிருந்தால், வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்கிறது அதற்கு முந்தைய 280ஆம் வசனம். அதையும் மறவாதீர்கள்.

சுவரின் ஈரம் வெயிலில் காய்ந்துவிடும். கூலி கிடைக்காத ஏழையின் கண்ணீர் மறுமைவரை காயாது. பிறர் உரிமையைக் காத்து நம் உரிமையைக் கேட்க அல்லாஹ் நமக்குத் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.