வரப்போகும் குற்றத்துக்கு ஒரு வணக்கம்

தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன், அங்கே கல்லில் பொறித்துவிட்டுப் போன பாடல்களில் ஒன்று வியப்பானது. இக்கோயிலுக்கு என்றேனும் குற்றம், அதாவது குறை, நேர்ந்தால், அன்று வந்து அதை நீக்கிக் காப்பவர் யாராயினும் அவரை உலகறியப் பணிகிறேன் என்கிறான். கட்டியவனே தன் வேலை பழுதாகலாம் என்று ஒப்புக்கொள்கிறான். அந்தக் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் மத்தளம்பாறை என்ற ஊர். 2011இல் தென்காசியில் சிறிய அலுவலகம் ஒன்றைத் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஸோஹோ இன்று அங்கே இயங்குகிறது. மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாக ஒப்படைத்துத் திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறையில் வேலை நடத்துவதற்கென்றே ஸோஹோ ஸ்பிரிண்ட்ஸ் என்ற மென்பொருளையும் விற்கிறது. அஜைலும் வேலை ஒரே மூச்சில் நிறைவடையாது என்ற ஒப்புதலில் பிறந்ததுதான். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 பேர், திட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதே மேல் என்று எழுதிவைத்தார்கள். அப்படியானால் குறை உண்டென்று தெரிந்தே ஒரு வேலையை ஒப்படைப்பது அடக்கமா, பொறுப்பின்மையா?

அடக்கம்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு என்பேன். பின்னால் வந்து திருத்துபவரை வணங்கத் தெரிந்தவனுக்கே குறையோடு ஒப்படைக்கும் உரிமை உண்டு. இன்று பல நிறுவனங்கள் அஜைலின் முதல் பாதியை, குறையோடு ஒப்படைப்பதை, மட்டும் எடுத்துக்கொண்டன. ஸ்பிரிண்ட் எனப்படும் இரண்டு வார வேலைச் சுற்றில் புதிய வசதியைக் கொண்டுவருபவருக்குக் கைதட்டல். யாரோ எழுதிய பழைய நிரலில் பிழை தேடுபவர் கண்ணுக்கே தெரிவதில்லை. ஸ்டாண்ட்அப் என்ற பதினைந்து நிமிட அன்றாடக் கூட்டம், குழு தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ள ஏற்பட்டது. அது மேலாளரிடம் கணக்கு ஒப்பிக்கும் வரிசையாகிவிட்டது.

கோயில் ஆகம விதிப்படி, முன்பே வகுத்த அளவில் எழுந்தது. அதை அஜைலோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். அளவு முன்பே வகுத்ததுதான். காலம் அப்படி இல்லையே. அந்தக் கோயிலின் ராஜகோபுரம் பின்னாளில் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. 1990இல்தான் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. மன்னன் வணங்கிய ஆட்கள் வந்து சேர ஐந்து நூற்றாண்டுகள் ஆயின.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. அறத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல் என்று எழுதுவது தமிழ்க் கல்வெட்டுகளில் வழக்கம். பாண்டியன் புதிதாக எதையும் சொல்லவில்லை, அது வெறும் வாய்பாடு என்பார்கள். வாய்பாடு என்பதுதான் என் பக்கத்துச் சான்று. ஒருவன் பணிந்தால் அது அவன் குணம். ஒரு சமூகமே பல நூற்றாண்டுகள் அப்படி எழுதிவந்தால் அது முறை. காப்பவன் செய்தவனுக்குக் குறைந்தவன் அல்லன் என்பதை அவர்கள் ஒவ்வொருவரின் நல்ல மனத்தையும் நம்பி விடவில்லை. சாசனத்தின் வழக்கமான வரியாக்கினார்கள். அஜைலிடமும் அதற்கான இடம் இருக்கிறது: ஒவ்வொரு ஸ்பிரிண்டின் முடிவிலும் செய்ததைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ என்ற கூட்டம். அடுத்த முறை அதில் உட்காரும்போது, புதிதாக என்ன செய்தோம் என்று தொடங்காதீர்கள். பழையதைத் திருத்தியவர் பெயரை முதலில் சொல்லுங்கள்.