பட்டை நகர்கிறது, நடப்பது யார்?

1818-இல் வில்லியம் க்யூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சிறைக் கைதிகளுக்காக ஒரு இயந்திரத்தை வடிவமைத்தார். பெரிய உருளை, அதைச் சுற்றிப் படிகள். மணிக்கணக்காக ஏறிக்கிட்டே இருக்கணும், எங்கேயும் போய்ச் சேர முடியாது. ட்ரெட்மில் என்ற பெயர் அங்கிருந்துதான் வருகிறது. அதற்கு ஒரு வருடம் முன்னால்தான் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்கவாதம் பற்றிய சிறு நூலை வெளியிட்டிருந்தார். ஆறு பேரைப் பற்றி எழுதினார். அதில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. நடையை வைத்தே நோயை அடையாளம் கண்ட மனிதர். தண்டனைக் கருவியின் பெயரைச் சுமக்கும் இயந்திரம் இன்று அவருடைய பெயரைச் சுமக்கும் நோய்க்குப் பயிற்சி.

பட்டை ஓடுகிறது, கூடவே கால் போகிறது. இதை அவருடைய நடைன்னு சொல்லலாமா? இயந்திரம் இழுக்க, அவர் விழாமல் சமாளிக்கிறார், அவ்வளவுதானே?

இந்தச் சந்தேகத்துக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: உண்மையான நடை என்பது நாமே முடிவெடுத்து வைக்கிற அடி. ஆனால் நீங்கள் அப்படியா நடக்கிறீர்கள்? போனைப் பார்த்துக்கொண்டே பேருந்து நிலையம் வரை போய்விடுகிறோம். ஒரு அடியைக்கூட நாம் 'எடுத்து வைத்த'தில்லை. என் தொழில் பாஷையில் சொன்னா, நடை பின்னணியில் ஓடுகிற ப்ராசஸ். பார்க்கின்சனில் மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிய அழிய, அந்தப் பின்னணி ஓட்டம்தான் முதலில் தடுமாறுகிறது. ஒவ்வொரு அடிக்கும் கவனம் செலுத்த வேண்டியிருக்கிறது. நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் கால் நின்றுவிடும். வாசற்படியில் உறைந்து நிற்பவர், தரையில் கோடு போட்டால் தாண்டிவிடுவார்.

வீட்டில் என்ன சொல்கிறோம்? "கொஞ்சம் மனசு வைங்கப்பா, நடந்துடலாம்." அப்படியே தலைகீழ். மனசு முழுக்கக் காலில்தான் இருக்கிறது. மனசு வைக்காமல் நடக்கிற வசதிதான் போய்விட்டது. முயற்சியில்லை என்று நாம் கோபப்படுகிற ஆள் நம்மைவிடப் பல மடங்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறார். இந்த அநியாயம் என்னை உறுத்துகிறது. ஓடும் பட்டை அவருடைய சுதந்திரத்தைப் பிடுங்குவதாக எனக்குத் தோன்றவில்லை. தாளத்தை வெளியிலிருந்து கொடுத்து, முடிவெடுக்கும் சுமையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது.

அதற்காக அற்புதம்னு நினைக்க வேண்டாம். 2015-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு 18 சோதனைகளில் 633 பேரைப் பார்த்தது. நடைவேகம் நொடிக்குச் சுமார் 9 சென்டிமீட்டர் கூடியது, எட்டு கொஞ்சம் நீண்டது. நடக்க முடிகிற தூரம் கூடியதாகத் தெரியவில்லை.

என் வாதத்தை இடிக்கிற சோதனையும் ஒன்று இருக்கிறது. 2016-இல் லான்செட்டில் வந்தது. அடிக்கடி விழுகிற முதியவர்கள் 302 பேர், அதில் பலருக்குப் பார்க்கின்சன். பாதிப் பேருக்கு வெறும் ட்ரெட்மில். மீதிப் பேருக்கு எதிரே திரையில் குட்டைகளும் தடைகளும். அடுத்த ஆறு மாதத்தில் குறைவாக விழுந்தது திரை பார்த்தவர்கள்தான். யோசிக்காமல் நடக்கப் பழகினால் போதாது, தெருவுக்கு யோசனையும் வேணும். ரெண்டுக்கும் நடுவே எத்தனை பங்கு என்பது ஒவ்வொரு காலுக்கும் வேறு. அதை மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் கூட நின்றுதான் பார்க்கணும், கைப்பிடியும் இடுப்புக் கச்சையும் மாட்டி.

அதுவரை, வாசலில் அப்பா உறைந்து நின்றால் "மனசு வைங்க" வேண்டாம். சாக்பீஸ் எடுத்து நாலு கோடு போடுங்கள்.