குழந்தையின் ஒரு சொல்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போக அதிக நேரம் ஆவதில்லை. ஆனால் தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்வதற்காக ஒரு சிறுபிள்ளை அந்த வழியே போக நேர்ந்தால், அதுதான் எத்துணை நெடிய பயணம்! விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. போக்சோ வழக்குகளை விசாரிக்கும் தனி நீதிமன்றமும் அங்கேதான். அங்கே தீர்ப்பானால் மேல்முறையீடு மதுரைக்குப் போகும். 2004 ஜூலையில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்படும் வரை அது சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தது.

மதுரையில் அமரும் நீதிபதி அந்தக் குழந்தையைப் பார்ப்பதில்லை. அது எந்த இடத்தில் தயங்கியது, எந்தக் கேள்விக்கு அழுதது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அவர் முன் இருப்பது தட்டச்சு செய்யப்பட்ட வாக்குமூலம் மட்டுமே. இந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் பல ஆண்டுகளையும் ஒரு குழந்தையின் உண்மையையும் எப்படி நிறுப்பது? இதைத்தான் நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

“ஒரு பிள்ளையின் பேச்சை மட்டும் நம்பி ஒருவனைச் சிறைக்கு அனுப்பலாமா?” என்று நம் வீடுகளில் கேட்பவர்கள் உண்டு. சிலர் ஒரு படி மேலே போய், “நான்கு சாட்சிகள் எங்கே?” என்கிறார்கள். திருமறையின் அந்நூர் அத்தியாயம் நான்கு சாட்சிகளைக் கோருவது, கற்புள்ள பெண்கள் மீது பழி சுமத்துகிறவர்களிடம். கொண்டுவர முடியாதவனுக்கு எண்பது கசையடி. மானத்தைக் காக்கத் தரப்பட்ட அந்தக் கேடயத்தைப் பறித்து, காயம்பட்டவர் மீதே வீசுவது என்ன நியாயம்?

திர்மிதி, அபூதாவூத் ஆகிய நூல்களில் ஒரு நிகழ்ச்சி உண்டு. தொழுகைக்குப் புறப்பட்ட ஒரு பெண்ணை ஒருவன் வழிமறித்துக் கெடுத்துவிட்டான். அவள் கூக்குரலிட்டாள். அவளிடம் நான்கு சாட்சிகள் கேட்கப்படவில்லை. அவள் மீது குற்றமில்லை என்று நபி (ஸல்) அவர்கள் அனுப்பி வைத்தார்கள். அதே நிகழ்ச்சியில் இன்னொன்றும் இருக்கிறது. முதலில் பிடிபட்டவர் உதவிக்கு வந்தவர். அவரையே அவள் குற்றவாளி என்று காட்டிவிட்டாள். பிறகு உண்மையான குற்றவாளி எழுந்து ஒப்புக்கொண்டான். கொடுமை நடந்தது உண்மை; ஆளைக் காட்டியதில் பிழை. இவ்விரண்டையும் தனித்தனியே நிறுப்பதுதான் நீதி. குழந்தைகள் விஷயத்தில் குற்றவாளி பெரும்பாலும் தெரிந்த முகமாகவே இருப்பதால், ஆள் மாறாட்டம் என்ற ஐயம் அவ்வளவாக எழுவதில்லை. சொல்லிக் கொடுத்துச் சொல்கிறதா என்ற ஐயமே அங்கு பெரிது.

பருவமடையாதவரின் சாட்சியத்தை ஃபிக்ஹ் மேதைகள் பலர் ஏற்கவில்லை. ஆனால் பிள்ளைகள் தமக்குள் ஏற்படுத்திக்கொண்ட காயங்கள் பற்றி அவர்களே சொல்வதை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் ஏற்றார்கள். நிபந்தனை ஒன்று: அவர்கள் கலைந்து போவதற்கு முன், பிறர் சொல்லிக் கொடுப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். இன்றைய நீதிமன்றங்களின் கவலையும் இதுவே.

1951 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்த்த ராஜஸ்தான் வழக்கில் பாதிக்கப்பட்ட சிறுமிக்கு வயது எட்டு. முதல் மேல்முறையீட்டில் செஷன்ஸ் நீதிபதி, சிறுமி சொல்வதை மனம் நம்புகிறது, ஆனால் துணைச் சான்று இல்லையே என்று குற்றவாளியை விடுவித்தார். உயர்நீதிமன்றம் அதை மாற்றியது. உச்சநீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ், துணைச் சான்று வேண்டுமென்பது எச்சரிக்கைக்கான நெறியே தவிர கட்டாயச் சட்டமல்ல என்றார். சத்தியப்பிரமாணம் செய்விக்கவில்லை என்பதற்காகச் சாட்சியம் செல்லாமல் போகாது என்றும் கூறினார். சம்பவம் நடந்த சில மணி நேரத்தில் சிறுமி தாயிடம் சொன்னதே துணைச் சான்றாக ஏற்கப்பட்டது.

பஞ்சாப் வழக்கு ஒன்று நம் ஜமாஅத்துகள் கவனிக்க வேண்டியது. 1984இல் பரீட்சை எழுதப் போன, பதினாறு வயது நிரம்பாத மாணவியைக் கடத்திக் கெடுத்தார்கள். தகப்பனார் முதலில் பஞ்சாயத்தாரிடம் போனார். அவர்கள் சமரசம் பேசினார்கள், ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகே போலீசுக்குப் போனார். அந்தத் தாமதத்தையும் ஒரு காரணமாக்கி 1985இல் விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. பெண்ணின் நடத்தையைப் பற்றியும் தகாத வார்த்தை எழுதியது. 1996 ஜனவரியில்தான் உச்சநீதிமன்றம் அதைத் திருத்தித் தண்டனை அளித்தது. நம்பத்தகுந்த ஒரே சாட்சியம் போதும் என்றது. கீழ்நீதிமன்றத்தைக் கண்டிக்கவும் செய்தது. நியாயம் கிடைக்கப் பதினோரு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. சமரசம் பேசிக் கழித்த நாளுக்கு அந்தப் பெண் கொடுத்த விலை அது.

அதற்காகக் குழந்தை சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்வதில்லை. ஒரே சாட்சியை நம்பித் தண்டிக்க வேண்டுமானால், தொடக்கம் முதல் இறுதி வரை அசையாத அப்பழுக்கற்ற சாட்சியாக இருக்க வேண்டும் என்று 2012இல் உச்சநீதிமன்றம் கூறி, ஒரு டெல்லி வழக்கில் இருவரை விடுவித்தது. போக்சோ சட்டத்தின் 29ஆம் பிரிவு குற்றம் செய்ததாக அனுமானிக்கச் சொன்னாலும், அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிறுவியாக வேண்டும். சிறு முரண்பாடுகள் வேறு, கதையின் அடித்தளமே ஆடுவது வேறு. மணி எத்தனை, சட்டை என்ன நிறம் என்பதில் குழந்தை தடுமாறலாம். யார், என்ன செய்தான் என்பதில் மாறாதிருந்தால் போதும். 2020 அக்டோபரில் நம் தமிழ்நாட்டு வழக்கொன்றில், சிறுமியின் சாட்சியத்தையே ஆதாரமாகக் கொண்ட மூன்றாண்டுத் தண்டனையை உச்சநீதிமன்றம் உறுதி செய்தது.

ஆக, மதுரையிலோ டெல்லியிலோ நிறுக்கப்படும் தாளின் முதல் வரி வீட்டில் எழுதப்படுகிறது. பிள்ளை சொன்னவுடன் மாமனும் சாச்சாவும் பெரியத்தாவும் மாறிமாறிக் குடைந்து கேட்டால், அதன் சொந்தச் சொல் கலங்கிவிடும். “குடும்ப மானம் போய்விடும், மாற்றிச் சொல்” என்று வற்புறுத்துவது சாட்சியத்தை மறைப்பதாகும். அது உள்ளத்தின் பாவம் என்கிறது அல்பகரா அத்தியாயம். பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராகவேனும் நீதிக்குச் சாட்சி நில்லுங்கள் என்று அந்நிஸா அத்தியாயம் கட்டளையிடுகிறது. குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காதவருக்கு, போக்சோ சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஜமாஅத் தலைவரும் இதற்கு விலக்கல்ல.

பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டிய அவசியமும் இல்லை. கூடியவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர், சீருடை இல்லாமல், வீட்டுக்கே வந்து எழுதிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவனின் முகம் பிள்ளையின் கண்ணில் படக்கூடாது. எதிர்த்தரப்பு வக்கீல் தம் கேள்விகளை நேரடியாகக் கேட்க முடியாது. நீதிபதியிடம் கொடுத்து, அவர் வழியாகவே கேட்க வேண்டும்.