நடுச்சாமக் காவல் யாருக்கு?

கடற்பிரயாணம் என்றவுடன் நம்மவர் மனம் சோழர் மரக்கலங்களின்மேல் ஏறிக்கொள்ளும். 1025-ஆம் ஆண்டில் இராசேந்திரன் கடாரத்தின்மீது படையெடுத்தான் என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கட்டும். அந்தக் கப்பல்களில் துடுப்பு வலித்தவன் யார், சோறு வடித்தவன் யார், ஏனையோர் உறங்க நள்ளிரவில் விழித்திருந்தவன் யார் என்று கேட்டவர் உண்டா? தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் எனக்கு, ஒரு வேலை நடந்தது என்றால் அது யார் தலையில் விழுந்தது என்று பார்ப்பதே பழக்கமாகிவிட்டது.

2024 அக்டோபர் 2-ந் தேதி கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்னும் 56 அடி நீளப் பாய்க்கப்பல் புறப்பட்டது. அதில் இருந்தவர் இருவரே. இருவரும் இந்தியக் கடற்படைப் பெண்கள். ஒருவர் கேரளத்துத் தில்னா; மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. பிரீமாண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய துறைகளில் தங்கி, 25,000 கடல்மைலுக்கு மேல் கடந்து, உலகைச் சுற்றிக்கொண்டு 2025 மே 29-ல் கோவா திரும்பினர். காற்றே அவர்களை இழுத்துச் சென்றது.

இத்தகைய கலத்தில் நாட்கழிவது எவ்வாறு? தரை ஒருபோதும் சமமாய் நில்லாது. கப்பல் சாயுந்தோறும் தானும் ஆடி நிமிரும்படி அடுப்பை ஊசலாக மாட்டியிருப்பர். இன்றேல் கொதிக்கும் குழம்பு சமைப்பவர் மடியில்தான். படுக்கையின் ஓரத்தில் துணித்தடுப்பு ஒன்று கட்டி அதற்குள் புகுந்து உறங்க வேண்டும். புயற்காலத்தில் மேல்தளத்துக்கு வருகிறவர், உடலிற் பூட்டிய வாரைக் கப்பலோடு கொளுவிக்கொண்டே வருவர். நன்னீரை அளந்து செலவிடுவர். பாத்திரத்துக்குக் கடல்நீரே போதும். உப்பேறிய துணி முற்றும் உலர்வதில்லை. காற்றின் திசையும், காற்றழுத்தமும், கப்பல் இருக்கும் இடமும் வேளை தவறாமல் குறிப்பேட்டில் ஏற வேண்டும். பாயைச் சுருக்கிய கையே பருப்பையும் வேகவைக்கும். இருவரே உள்ள இடத்தில் இது என் வேலை, அது உன் வேலை என்று கோடு கிழிக்க இடமேது?

இவை யாவினும் பெரிது உறக்கம். ஒருவர் உறங்குவதென்றால் மற்றவர் விழித்திருக்க வேண்டும். உறங்குகிறவர் தம் உயிரை விழித்திருப்பவர் கையில் கொடுத்துவிட்டே கண்ணை மூடுகிறார். 2025 ஜனவரி 30-ல் தாரிணி ‘நீமோ முனை’ என்னும் இடத்தைக் கடந்தது. பசிபிக் மாகடலின் தென்பகுதியில், எத்திசையிலும் கரை 2,600 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள இடம் அது. கண்ணயர்ந்தாயா என்று எட்டிப் பார்க்க அங்கே எந்தத் துரையும் வருவதில்லை.

ஆகா, இதுவன்றோ சமத்துவம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் சற்றுப் பொறுத்துக் கேட்போம்: இது அறமா, அச்சமா? விழித்திருக்க வேண்டியவர் உறங்கினால் இருவருமே மூழ்குவர். உயிருக்குப் பயந்து செய்வதை ஒழுக்கம் என்று எவ்வாறு கூறுவது?

இந்த ஐயத்துக்கு நம் குடும்பங்களிலேயே சான்று உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து ‘ரஜூலா’ கப்பலின் தளத்தில் பாயோடு பாய் நெருங்கிப் படுத்து வந்தவர்கள் நம் முன்னோர். பக்கத்துப் பாய்க்காரன் என்ன ஜாதி என்று விசாரித்து விலகிப் படுக்க அங்கே இடமில்லை. போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கித் தோட்டத்து லயத்துக்கு வந்ததும் என்ன ஆயிற்று? கடலில் கைவிட்டதாக எண்ணிய ஜாதி, பெண் கொடுக்கும்போதும் கோயில் மண்டகப்படியின்போதும் முன்னால் வந்து நின்றது. நெருக்கடி கொடுத்த சமத்துவத்தை விசாலமான இடம் வாங்கிக்கொண்டது.

ஆயினும் கடலின் நீதி அச்சத்தோடு முடிந்துவிடுகிறதென்று கூற நான் உடன்படேன். பழைய கப்பல் வழக்கம் ஒன்றைப் பாருங்கள். ஆட்களை இரு பிரிவாக்கி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு பிரிவு காவல் ஏற்கும். ஒரு நாளில் ஆறு காவல் ஆகிறது. ஆறு இரட்டைப்படை எண். ஆகவே இரவு பன்னிரண்டு முதல் நான்கு வரையிலான நடுச்சாமக் காவல் பிரயாணம் முடியும்வரை ஒரே பிரிவின் தலையில் விழும். இதைக் கண்ட மாலுமிகள், மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள காவலை இரண்டு மணியாக இரண்டாய் வெட்டினர். ‘டாக் வாட்ச்’ என்பது அதற்குப் பெயர். ஆறு ஏழாயிற்று; இன்று நடுச்சாமம் விழித்தவர் நாளை உறங்குவர்.

இதில் அச்சம் எங்கே? வெட்டாவிட்டாலும் கப்பல் மூழ்காது. யாரோ சிலர் விழித்துக்கொண்டுதான் இருப்பர். ஒருவனே எந்நாளும் இருட்டைச் சுமப்பது முறையன்று என்று எண்ணியதால் அன்றோ மணிக்கணக்கையே மாற்றியமைத்தார்கள்? இரக்கப்பட்டு ஒருநாள் மாறிக்கொள்வது வேறு; மாற்றத்தைக் கணக்கிலேயே எழுதிவைப்பது வேறு. முன்னையது கொடுப்பவன் மனநிலையைப் பொறுத்தது. பின்னையதில் எவனும் எவனிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. 1999-ல் லங்காவியிலிருந்து தனியே உலகைச் சுற்றிவந்த நம் நாட்டு அஸார் மன்சூருக்கு இந்தக் கேள்வியே எழுந்திராது; எல்லாக் காவலும் அவருடையதே. இரண்டாவது ஆள் கப்பலில் ஏறும்போதுதான் நீதியும் ஏறுகிறது.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். விடியுமுன் நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டும் காவல் கிள்ளானில் எத்தனை வீடுகளில் கைமாறுகிறது? அம்மாவுக்குப் பழகிவிட்டது என்கிறோம். தோட்டத்துப் பெரட்டில் நிற்கும் மனிதனுக்கும் பழகிவிட்டது என்றுதான் அக்காலத்துத் துரைமார் சொன்னார்கள். அப்போது நமக்குக் கோபம் வந்தது.

தோட்டத்தில் நாம் விட்டுவந்த வேலையை இன்று வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் செய்கிறார்கள். அவர்கள் பெயரையும் செக்ரோலில் நான்தான் எழுதுகிறேன். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளின் வாயிலில் இரவெல்லாம் விழித்திருப்பவரில் நேபாளத்து இளைஞர் பலர். உள்ளே உறங்குகிற நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? அவருடைய நாளின் எந்த நான்கு மணியை நாம் இரண்டாக வெட்டியிருக்கிறோம்?