அறளை பெயர்ந்த தாயும் பிள்ளையின் கடனும்

பெற்றாரைப் பேணுதல் பிள்ளையின் தலையாய கடன் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால், பெற்ற தாயே பிள்ளையை யாரென்று அறியாத நிலையை அடைந்துவிட்டால், அக்கடன் யாருக்குச் செய்யப்படுகிறது?

முன்னோர் ‘அறளை பெயர்தல்’ என்று கூறிய இந்நிலை மூளையைப் பீடிக்கும் நோயின் விளைவாகும். இதன் பிரதான வகையை 1906ஆம் ஆண்டில் ஜேர்மனிய வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர் எடுத்துரைத்தார். முதலில் அண்மைக்கால நினைவு மங்கும். பின்னர் பேச்சும் நடையும் குன்றும். இறுதியில் விழுங்கும் ஆற்றலும் தளரும். அப்போது தாய் வாயை மூடிக்கொள்வது பிடிவாதமன்று. வற்புறுத்தி ஊட்டினால் உணவு சுவாசக் குழாய்க்குள் சென்று நியூமோனியா உண்டாகலாம். நிமிர்த்தி இருத்தி, சிறிது சிறிதாக ஊட்டுதல் வேண்டும். படுக்கைப் புண் வராதவாறு அடிக்கடி திருப்பிவிடுதலும் வேண்டும்.

மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய நான்கும் ஆன்மாவின் கருவிகளே. ஆன்மா அவற்றின் வேறானது. மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில் இதனை நிறுவினார். ஆகவே நோய் கெடுப்பது கருவியையே. தாய் அங்கேயே இருக்கிறாள்.

ஆலயத்தில் மூர்த்திக்கு நீராட்டி, ஆடை சாத்தி, அமுது படைக்கின்றனர். மறுமொழி வரவில்லை என்று நித்திய பூசையை எவரும் நிறுத்துவதில்லை. தாய்க்குச் செய்யும் பணியும் அத்தகையதே.

எனினும் ஆலயப் பணியைக் குருக்கள், உபயகாரர், தொண்டர் எனப் பலர் பகிர்ந்துகொள்கின்றனர். வீட்டிலோ அது பெரும்பாலும் ஒரு மகளின் தலையில் விழுகிறது. உடன்பிறந்தோர் பணம் கொடுப்பதோடு கடன் தீராது. அவள் கண்ணயர, முறைவைத்து ஓர் இரவு விழித்திருப்பதும் திருத்தொண்டே.