தூரிகை படாத பட்டு

தாவோ சொல்லில் அடங்காது என்று தொடங்கும் லாவோட்சுவின் நூல், அதன் பிறகும் ஓயாமல் 81 அதிகாரங்கள், ஏறத்தாழ 5,000 சீன எழுத்துகள் பேசிக்கொண்டே போகிறது. சொல் தோற்ற அந்த இடத்தில் ஓவியம் வென்றது என்பது சீன நிலக்காட்சிகளைப் பற்றிய வழக்கமான புகழுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுதிய ‘மலை’யைப் போலவே தீட்டிய மலையும் ஒரு குறிதான், சொல்லுக்கு எட்டாதது மைக்கு மட்டும் எப்படி எட்டும்?

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில், தெற்குச் சோங் அரசவை ஓவியர் மா யுவான் பெயரில் ஒரு பட்டோவியம் இருக்கிறது. ஒரு சிறு படகு, குனிந்து தூண்டில் போடும் ஒருவன், படகையொட்டிச் சில அலைக்கோடுகள். மற்றபடி பெரும்பாலும் தூரிகை படாத பட்டு. ஆனாலும் அதை வெறும் துணியாகப் பார்ப்பவர் இல்லை, ஏரியாகத்தான் பார்க்கிறார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்போம். இங்கே சித்திரம் இருப்பதால்தான் சுவருக்கு உயிர். பானையில் பயன்படுவது உள்ளிருக்கும் வெற்றிடமே என்கிறார் லாவோட்சு. வெற்றிடத்தைப் போற்றுவோர் விடாமல் காட்டும் இடம் இது. ஆனால் குயவனின் கை வனைவது களிமண்ணைத்தான். மா யுவானும் சொல்லற்றதை வரையவில்லை, அதற்கு ஒரு விளிம்பு வனைந்தார். லாவோட்சு அதையே சொற்களால் செய்தார். ஆகவே இதில் ஓவியம் மொழிக்கு மேலானதல்ல, அதன் உடன்பிறப்பு.

மா யுவான் தாவோ துறவியல்ல, சம்பளம் வாங்கிய அரசவைக் கலைஞர். இந்த வெறுமை அக்கால அரசவை ரசனை மட்டுமே என்று ஒருவர் மறுக்கலாம். இருக்கட்டும். என் பேச்சு ஓவியரின் சமயத்தைப் பற்றியதல்ல, படம் இயங்கும் விதத்தைப் பற்றியது. சமயம்தான் வேண்டுமென்றால் தாவோ மரபின் சுவான்சென் பிரிவைச் சேர்ந்த ஹுவாங் கோங்வாங் இருக்கிறார். அவருடைய ஃபுசுன் மலைச் சுருளை வைத்தே இன்னொரு மறுப்புக்கும் விடை சொல்லலாம்: வெற்றிடம் என்பது வரையாமல் விட்ட மிச்சம்தானே, அதில் என்ன இருக்கிறது? 18ஆம் நூற்றாண்டில் சியென்லுங் பேரரசர் அந்தச் சுருளின் நகலொன்றை மூலமென்று நம்பி, அதன் வெற்றிடமெங்கும் முத்திரை குத்திக் குறிப்புகள் எழுதித் தள்ளினார். மலைகளில் ஒரு கோடும் அழியவில்லை. ஆனால் வானம் போய்விட்டது, ஆறும் போய்விட்டது. 1746இல் கைக்கு வந்த உண்மையான சுருளைப் போலி என்று ஒதுக்கினார். அதனால் அதன் வெற்றிடம் பெரும்பாலும் தப்பித்தது.