துன்பத்தின் காரணமும் துன்பத்தின் பொறுப்பும்

இறைவன் நல்லவன்; எல்லாம் வல்லவன்; எனினும் உலகில் துன்பம் உண்டு. இம்மூன்றும் ஒருங்கே உண்மையாதல் எங்ஙனம் என்பது சமய மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களில் இது நூலறிவு சார்ந்த வினா மட்டுமன்று. லயங்களிற் பிறந்து வளர்ந்த தலைமுறைகள் தம் வாழ்வால் எழுப்பிய வினா. அங்கு இதற்கு இரு விடைகள் வழங்கிவருகின்றன. ஒன்று, ‘தலையெழுத்து’, மற்றது, கிறித்தவ இல்லங்களிற் கேட்கப்படும் ‘ஆண்டவர் சித்தம்’. சொல் வேறாயினும் விளைவு ஒன்றே: வினா அத்துடன் அடங்கிவிடுகிறது. கிறித்தவ நெறி உண்மையில் அவ்வாறு அடங்கிப்போகச் சொல்கிறதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கிறித்தவச் சிந்தனையாளர் தந்த விளக்கங்களுள் இரண்டு பெருவழக்குடையன. தீமை தனிப்பொருளன்று, நன்மையின் குறைவே. தெரிவு செய்யும் உரிமையை மனிதன் பிழைபடப் பயன்படுத்தியதால் அது விளைந்தது என்பது புனித அகுஸ்தீனின் கருத்து. முதிராத நிலையிற் படைக்கப்பட்ட மனிதன் பக்குவம் எய்துதற்கு இடர்கள் வேண்டப்படுகின்றன என்பது இரேனியுவின் வழிவந்தோர் கருத்து. இதனை 1966இல் ஜோன் ஹிக் விரித்துரைத்தார்.

இவ்விளக்கங்களை மலையக வரலாற்றோடு பொருத்திப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியர் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் முடிவு செய்ய விடப்பட்டது. சட்டம் இயற்றியோரும் ஒப்பமிட்டோரும் தம் சுயாதீனத்தைப் பயன்படுத்தினர் என்பது விளங்குகிறது. ஆயின் தெரிவு செய்தவர் ஒருவராகவும் அதன் விலையைக் கொடுத்தவர் வேறொருவராகவும் இருப்பது ஏன்? 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் தோட்டங்களில் இறப்பைப் பெருக்கியது. பசியால் மாண்ட குழந்தை எந்தப் பக்குவத்தை எய்திற்று? அகுஸ்தீனும் இரேனியுவும் கூறியன முற்றிலும் பொய்யல்ல. ஆனால் அவை துன்புறுவோனை விட்டுச் சற்றுத் தொலைவில் நின்று பேசுகின்றன.

விவிலியம் இவ்வளவு அமைதியாகப் பேசுவதில்லை. யோபுவைத் தேற்ற வந்த நண்பர்கள், அவன் பாவமே அவன் துன்பத்துக்குக் காரணம் என வாதிடுகின்றனர். நூலின் முடிவிற் கடவுள் கடிந்துகொள்வது அந்நண்பர்களையே. சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெண்மர் இறந்த செய்தியை லூக்கா நற்செய்தி குறிக்கிறது. இறந்தோர் ஏனையோரினும் மிக்க பாவிகளல்லர் என்று அங்கு இயேசு கூறுகிறார். பாவத்தையும் பேரிடரையும் ஒரே கணக்கேட்டில் எழுதும் வழக்கம் இங்கு மறுக்கப்படுகிறது. கோபுரம் ஏன் விழுந்தது என்பதற்கு அவர் காரணம் கூறவில்லை என்பதும் கவனிக்கற்பாலது.

மலையகத்துக்கும் ஒரு சீலோவாம் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில், நுவரெலியாவை அடுத்துள்ள பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. மழையும் மண்ணும் இயற்கை. அவற்றுக்கு எவரையும் குற்றஞ்சாட்ட இயலாது. ஆனால் அவ்விடம் அபாயமானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கப்பட்ட பின்னும் மக்கள் அங்கேயே வாழ நேர்ந்ததற்கு இயற்கை பொறுப்பாகுமா? 2025 நவம்பரில் டித்வா புயலின்போது நுவரெலியா மாவட்டத்திலும் மண் சரிந்தது. சரிவுகளில் வாழ நேர்ந்தோர் யாவர் என்ற வினா மீண்டும் எழுந்தது. ஆகவே இயற்கையால் வரும் துன்பத்தினுள்ளும் மனிதர் செய்ததும் செய்யாது விட்டதும் கலந்துள்ளன.

இந்நிலையில் ‘உன் சிலுவையைச் சுமந்துகொள்’ என்னும் அறிவுரையை எவ்வாறு கொள்வது? சிலுவை நோயன்று, விதியுமன்று. ஓர் அரசின் ஆளுநர் தீர்ப்பளித்து நிறைவேற்றிய மரணதண்டனை அது. எளியோரின் பக்கம் நின்றதன் விளைவை அறிந்தே இயேசு அதனை ஏற்றார். பிறர்பொருட்டு ஒருவன் தானே ஏற்பது சிலுவை. தன் நலத்துக்காகப் பிறன் தோளில் ஒருவன் ஏற்றுவது நுகம். நுகத்தைச் சிலுவையெனப் பெயரிட்டு, பொறுமையைப் போதிப்பது சமயத்தின் பெயரால் இழைக்கப்படும் அநீதி. நம் மரபும் இதனை அறியாததன்று. ஊழின் வலிமையை ஓர் அதிகாரத்தில் உரைத்த வள்ளுவரே, ‘இரவச்சம்’ அதிகாரத்தில் இரந்து வாழும் நிலை கண்டு உலகைப் படைத்தவனையே சினந்துகொள்கிறார்.

இவ்வேறுபாட்டை உணர்ந்து செயற்பட்டோரும் உளர். இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் கண்டியில் ‘சத்தியோதய’ நிலையத்தை நிறுவி, தோட்ட மக்களின் உரிமைக்காக உழைத்தார். நாடற்ற நிலையை நீக்க 1988இலும் 2003இலும் சட்டங்கள் நிறைவேறின. ஐம்பத்தைந்து ஆண்டுகளாகத் தலையெழுத்தென நம்பப்பட்ட ஒன்று, நாடாளுமன்றம் எழுதிய எழுத்தால் நீங்கிற்று. அது தொடக்கத்திலும் மனிதர் எழுதிய எழுத்தே என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இவையனைத்தும் நீங்கினாலும் நோயும் பிரிவும் மரணமும் எஞ்சும். அவை ஏன் உள்ளன என்பதற்குக் கிறித்தவம் முழுமையான விளக்கம் தருவதில்லை. சிலுவையில் தொங்கியவரே கைவிடப்பட்டோனின் குரலில் ‘ஏன்’ என்று கேட்டார். துன்புறுவோன் தனித்திருக்கவில்லை, இறுதிச் சொல் மரணத்தினுடையதன்று என்னும் நம்பிக்கையையே அது தருகிறது. நம்பாதவர்க்கு இது போதிய விடையாகாது. அவர்தம் மறுப்பு மதிக்கத்தக்கது. ஆயினும் நம்புவோரும் நம்பாதோரும் ஒருங்கே செய்யக்கூடியது ஒன்றுண்டு. மனிதர் பொறுப்பேற்க வேண்டிய துன்பத்தை முதலிற் பிரித்தறிந்து களைய முற்படுவதே அது. அதனைச் செய்யாது, எஞ்சிய மறைபொருளைப் பற்றி மட்டும் வாதிடுவது யோபுவின் நண்பர்கள் செய்த பிழையையே மீண்டும் செய்வதாகும்.